முதல் காய் சிவந்ததும்

ஏப்ரல் 2

டிரைவர் அவர்களுக்கு,

வந்து சேர்ந்தேன். கம்பெனி கொடுத்திருக்கும் அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புதிய சாயப்பட்டறையின் புகைபோக்கி. வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.

போனில் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது வெறும் கோபத்தில் இல்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் ஏழு தொட்டிகளில் குடைமிளகாய் வைத்திருக்கிறேன். துணி காயப்போடும் கொடியைத் தாண்டி நீங்கள் போனதே இல்லை என்பதால் சொல்கிறேன். ஜனவரியில் விதை போட்டு வளர்த்தது. விடிந்ததும் வேரில் தண்ணீர் ஊற்றுங்கள், இலையில் படக் கூடாது. மண் சூடாகாமல் இருக்க வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன், கலைக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் பழைய வெள்ளைப் போர்வையைக் கொடியில் கட்டி நிழல் கொடுக்க வேண்டும். மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றுமில்லை, ஓய்வு பெற்ற மனிதரால் முடியும்.

ஜூன் மாதத்துக்குள் நான் இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா, நம் ஊர்ப் பழைய பட்டறைக்கே திரும்புகிறேனா என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்கே தெரியவில்லை. ஒன்று செய்யலாம். முதல் காய் சிவந்ததும் எழுதுங்கள். லீவு போட்டு வருகிறேன். செடியையும் பார்க்கிறேன், உங்களையும் பார்க்கிறேன். பிறகு முடிவு செய்கிறேன்.

அந்தத் துணியைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை. மூன்று மாதம் சாயம் கலந்து மல்லுக்கட்டி நான் எடுத்த சிவப்பு அது. முதலாளியே எழுந்து நின்று பார்த்தார். உங்களிடம் காட்டத்தான் ஒரு முழம் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலியில் விரித்து வைத்தேன். அதை எடுத்து ஸ்கூட்டர் ஆயிலைத் துடைத்தவரிடம் என்ன பேசுவது? பாருங்கள், பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
இருபத்தேழு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தவள்


ஏப்ரல் 10

சாயக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. இந்த வீட்டுக்கு எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கரண்ட் பில்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணி, வெயில் நாற்பது டிகிரி. பின்னால் போய்ப் பார்த்தால் ஏழு செடியும் தலை தொங்கிக் கிடக்கின்றன. அவள் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஏழையும் கொன்றுவிட்டோம் என்று, ஓடி ஓடி ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றினேன். அசையவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

ஐந்தரைக்கு மறுபடியும் போனேன். ஏழும் எழுந்து நிற்கின்றன. மதியம் நடந்தது எதுவுமே தெரியாத மாதிரி விறைப்பாக நிற்கின்றன. நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் தண்ணீர் ஊற்றவில்லை. முக்காலி ஒன்றைப் போட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தேன். பன்னிரண்டுக்குத் தளர்ந்தன, இரண்டுக்குத் தொங்கின, நான்கரைக்கு ஓரத்துச் செடியில் ஒரு இலை நிமிர்ந்தது. பிறகு பக்கத்து இலை. யாரும் தொடவில்லை, காற்றுகூட இல்லை. நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி இந்த ஊரில் பார்க்காத தெரு இல்லை என்று நினைத்திருந்தேன். இதைப் பார்த்ததில்லை.

துணி விஷயம் என் தப்புதான்.

இப்படிக்கு,
வாட்ச்மேன்


ஏப்ரல் 16

வாட்ச்மேன் அவர்களுக்கு,

மதிய வெயிலில் இரண்டு வாளியா! வேர் அழுகிப் போகும். ஒரு வாரத்துக்குக் காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். மதியம் அது வாடுவது தண்ணீர் கேட்டு இல்லை. வெயில் தாங்கும் வரை தாங்கிவிட்டு, பிறகு இலையைத் தொங்கவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அப்போது சும்மா விட்டுவிட வேண்டும். சில பேருக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

ஆனாலும் முக்காலி போட்டு உட்கார்ந்தீர்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரர் ஒரு செடியைப் பாத்துட்டாரு" என்றேன்.

இங்கே எனக்கு ஒரு விளக்குப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். துணியை உள்ளே வைத்துப் பகல் வெளிச்சம், டியூப்லைட், குண்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வெயிலில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டு துணி, டியூப்லைட்டில் வேறு வேறாகிவிடும். இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடுகிறது.

இவ்வளவு கவனமாகப் பார்க்கிற மனிதர், கல்யாணமான முதல் மாதம், மணிக்கூண்டு நிறுத்தத்தில் சிவப்புக் குடையோடு நின்றவளை மட்டும் எப்படிப் பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்? "சிவப்புக் குடையோட நிப்பேன், நிறுத்துங்க, உங்க வண்டியில ஒரு ரவுண்டு வரணும்" என்று காலையில் சொல்லித்தானே அனுப்பினேன்? கையைக் காட்டினேன். என் முகத்துக்கு நேரே போனீர்கள். அந்த மழையில் நின்றதில் மூன்று நாள் காய்ச்சல். செடிக்குக் கொடுக்கிற கண்ணை எனக்கும் கொடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
சாயக்காரி


ஏப்ரல் 28

சாயக்காரிக்கு,

பூக்கள் விழுகின்றன. எழுதவே கை வரவில்லை, ஆனால் மறைக்கவும் மனமில்லை. வெள்ளையாகச் சின்னச் சின்னதாகத் தலைகுனிந்து பூக்கின்றன, இரண்டு நாள் நிற்கின்றன, பிறகு காம்போடு கழன்று வைக்கோலில் விழுந்துவிடுகின்றன. பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டேன். அறுபத்துநான்கு. நான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று நர்சரிக்காரரிடம் கிண்ணத்தையே கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் சிரித்தார். "நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. ராத்திரியும் சூடு இறங்க மாட்டேங்குது. இந்த வெயில்ல ஒரு காயைத் தூக்கி வளர்க்க முடியாதுன்னு அதுக்கே தெரியும், உதறிடும். முடியும்னு தோணுற அன்னைக்கு நிறுத்தி வச்சுக்கும்" என்றார்.

யாருக்குத் தெரியும்? செடிக்கா? அதற்கு எங்கே இருக்கிறது கணக்குப் போடும் இடம்? வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்ததில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

அன்றே இரண்டாவது போர்வையும் கட்டினேன். சாயங்காலம் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தொட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன், சுவர் பகல் முழுக்க வாங்கின சூட்டைத் திருப்பி அடிக்கிறது. போன வியாழக்கிழமை லேசாக மேகம் போட்டது. சனிக்கிழமை காலை நான்காவது தொட்டியில் ஒரு பூ வாடியிருந்தது. விழவில்லை. தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. இதழை ஒதுக்கினால் உள்ளே சட்டைப் பொத்தான் அளவு ஒரு காய். வழவழவென்று, முழுசாக, ஓரத்து மடிப்புக்கூட அப்போதே இருக்கிறது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே.

குடை விஷயம் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாட்ச்மேன்


மே 5

அன்புள்ள வாட்ச்மேனுக்கு,

சட்டைப் பொத்தான் வரை இருபது தடவை படித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காய் கைப்பிடி அளவு வர நான்கு வாரமாவது ஆகும், முழுப் பச்சையாக இருக்கும். அவசரப்பட்டுப் பறித்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு பக்கம் கறுத்த மாதிரி ஆகி, பிறகு சிவப்பு பரவும். இலைகளை விலக்காதீர்கள், நேர் வெயில் பட்டால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும். பாருங்கள், இலையே காய்க்கு மேல் வந்து கவிந்துகொள்ளும்.

நான் வருவதற்கு இரண்டு நாள் லீவு எழுதி வைத்திருக்கிறேன், தேதி மட்டும் போடவில்லை. சிவந்த அன்றே எழுதுங்கள்.

அன்புடன்,
சாயக்காரி


ஜூன் 9

சாயக்காரிக்கு,

பதினொரு காய்கள். எல்லாம் என் உள்ளங்கை அளவு. நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில் இந்தத் தண்ணீரெல்லாம் இவற்றுக்குள் எப்படி ஏறியது என்று தெரியவில்லை. காலையில் தொட்டால் குளிர்ந்து இருக்கின்றன.

நிறம் இன்னும் மாறவில்லை. பச்சையாகத்தான் இருக்கின்றன. மாறியதும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாட்ச்மேன்


ஜூன் 13

டிரைவர் அவர்களுக்கு,

நேற்று பின்வீட்டு டீச்சர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "உங்க தோட்டத்தை மாடியிலேருந்து பாத்தேன். நாலஞ்சு காய் செக்கச்செவேல்னு தொங்குது! பத்து நாளாச்சு போலிருக்கே, பறிக்கலையா?" என்றார்.

பத்து நாள். நான்கு நாளைக்கு முன்னால் உங்கள் கைப்பட எழுதிய கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. பச்சையாகத்தான் இருக்கின்றன என்று.

நான் வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். காயின் மேல் பழியைப் போடாதீர்கள். அவமானமாக இருக்கிறது. லீவுக் காகிதத்தைத் தினமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், இந்த வயதில்.

வரும் இருபதாம் தேதி, இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். போர்வைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 15

சாயக்காரிக்கு,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. இதை எழுதி மூன்று மணித் தபாலுக்குள் போட வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

எனக்குச் சிவப்பு தெரியாது.

பச்சையும் தெரியாது. இரண்டும் எனக்கு ஒரே நிறம், பழைய கோணிப்பை நிறம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். நீலம் நன்றாகத் தெரியும், மஞ்சள் தெரியும். நீ செக்கச்செவேல் என்று சொல்வதெல்லாம் எனக்கு வெறும் சொல்.

டிப்போவில் சேரும்போது புள்ளிப் புத்தகம் ஒன்றைக் காட்டுவார்கள், புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது. சிநேகிதன் ஒருவன் அந்தப் புத்தகத்தைக் கடன் வாங்கிக் கொண்டுவந்தான். முதல் பக்கம் என்ன, ஓரத்தில் காப்பிக் கறை இருக்கும் பக்கம் என்ன என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சை. அதே புத்தகம், அதே கறை. சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நில், கீழ் விளக்கு எரிந்தால் போ. ஒரு விபத்துகூட இல்லை. ஆனால் பயமில்லாமல் ஓட்டிய நாளும் ஒன்றுகூட இல்லை.

அன்று மணிக்கூண்டில் மழை, வண்டி நிரம்பியிருந்தது, உனக்காக மட்டும்தான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தத்தில் நாற்பது குடை. நீ சிவப்பு என்று சொல்லியிருந்தாய். நாற்பதையும் பார்த்தேன், முகம் ஒன்றும் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். நாற்பதில் எது நீ என்று எனக்குத் தெரியவில்லை. போய்விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்தத் துணி. நாற்காலியில் அழுக்குத் துணி கிடக்கிறது என்று நினைத்தேன். நீ வீட்டுக்குள் வந்து அதைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அப்போதுகூடச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் வேலை போய்விடும் என்று. அப்புறம், நீ நிறத்திலேயே பிழைக்கிறவள், ஒரு சிவப்புக்கும் இன்னொரு சிவப்புக்கும் நடுவில் பதினான்கு சிவப்பு பார்க்கிறவள். உனக்கு இப்படி ஒரு புருஷன் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. எதைக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்றேன். பயத்தில் சொன்னது அது.

மே கடைசியிலிருந்து தினமும் அந்தப் பதினொரு காயையும் முறைத்துப் பார்க்கிறேன். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த டீச்சரையே ஒருநாள் கூப்பிட்டு, "காயெல்லாம் எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "அருமையா இருக்கு சார்" என்றார். அதில் நிறம் எங்கே இருக்கிறது? நீ சிவந்ததும் வருவேன் என்றாய். நான் காத்துக்கொண்டே இருந்தேன். சிவந்து பத்து நாள் ஆன காய் என் கண் முன்னால் தொங்க, சிவக்கவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

நீ வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 18

உங்களுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். எத்தனை ஜனம் ஏறிய வண்டி அது! பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிய வண்டி! ஒருநாள், ஒரே ஒருநாள் ஒரு சிக்னல் கோணலாக இருந்திருந்தால்? உங்களை மன்னிக்கிற உரிமை எனக்கு மட்டும் இல்லை, அந்த ஜனத்துக்கும் இருக்கிறது. இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது.

மற்றதையும் எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்த அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, என் சிவப்பில் ஒரு துண்டும் இலைப் பச்சையில் ஒரு துண்டும் எடுத்து ஜெராக்ஸ் மெஷினில் வைத்தேன். காகிதம் வெளியே வந்தது. இரண்டு சதுரம், இரண்டும் ஒரே சாம்பல். எது என்னுடைய மூன்று மாத உழைப்பு என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குத் தெரிவது இது இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் ஒரே ஜன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு வேறு உலகம் தெரிந்திருக்கிறது. விளக்குப் பெட்டியில் இத்தனை ஆயிரம் துணி பார்த்த நான், இதைப் பார்க்கவில்லை.

நீங்கள் "இந்த நீலம் உனக்கு நல்லாயிருக்கு" என்று சொல்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நிறத்தின் பேரைச் சொல்லி நீங்கள் பாராட்டியது நீலத்தை மட்டும்தான். இந்த மனிதருக்கு நீலம்தான் பிடிக்கும்போல என்று அலமாரி முழுக்க நீலமாக வாங்கி அடுக்கினேன். எனக்கு நீலம் அவ்வளவாகப் பிடிக்காது. இப்போது அந்த அலமாரியை நினைத்தால் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

இருபதாம் தேதிக் கையெழுத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். எனக்குக் கண்ணைத் தவிர வேறு வழி தெரியாது. நீங்கள் கண்ணை விட்டுவிட்டு, எது சிவந்தது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். டீச்சரிடம் கேட்கக் கூடாது.

சாயக்காரி


ஜூன் 21

அன்புள்ள சாயக்காரிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு முதல் தொட்டியிலிருந்து போனேன். தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சத்தம். அழுத்திப் பார்த்தேன், கொஞ்சம் வித்தியாசம், நம்ப முடியாது. முகர்ந்தேன். ஆறு காயில் பச்சை வாசனை, புல் அறுத்த மாதிரி. ஐந்தில் வேறு என்னமோ, பழக் கடைக்குள் நுழைந்த மாதிரி. சரி என்று இரண்டு வகையிலிருந்தும் ஒவ்வொன்று பறித்து, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து கடித்தேன்.

முதல் காய் லேசாகக் கசந்தது. மொறுமொறுப்பு, தண்ணீர், பின்னால் கசப்பு. இரண்டாவதைக் கடித்தேன். இனிப்பு! சர்க்கரை போட்ட இனிப்பு இல்லை, வெயிலிலேயே ஊறிய இனிப்பு. சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

சிவப்பு என்றால் இனிப்பா? இத்தனை வருஷம் ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? கடையில் வாங்கிச் சமைத்ததெல்லாம் பச்சைதான்போல. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நிறம் எனக்குக் கிடைத்திருக்கிறது, நாக்கில். அறுபத்துநான்கு பூவை உதறிய செடி, அந்த அனலில், இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. நான் எழுந்து நின்று அந்தச் செடியைக் கும்பிட்டேன். மேலே மாடியில் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

அவரைக் கேட்கவில்லை. மீதி நான்கும் சிவப்பு என்று என் மூக்கு சொல்கிறது. தப்பாகவும் இருக்கலாம்.

புள்ளிப் புத்தகம் விஷயத்தை டிப்போவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், இனி வருகிற பையன்களுக்குப் புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று. பென்ஷனில் கை வைத்தாலும் வைக்கட்டும். நீ சொன்ன ஜனத்துக்கு என்னால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

முதல் காய் சிவந்துவிட்டது. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 24

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். பத்தரைக்கு மணிக்கூண்டு நிறுத்தம். பழைய பட்டறைக்கே திரும்புகிறேன் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளி ஏன் என்று கேட்டார். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றேன்.

இந்த முறை நான் வண்டியில், நீங்கள் நிறுத்தத்தில். கூட்டமாக இருக்கும். அதனால் தோட்டத்திலிருந்து ஒரு காயைப் பறித்து, உயர்த்திப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எந்த நிறமாக இருந்தாலும் இறங்கிவிடுவேன்.

உங்கள்
சாயக்காரி